பிரயனின் வெளிப்படுத்தாத தேவை

நடந்ததை வரிசைப்படி எழுதிவைத்தால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். வரிசை சரியாகத்தான் இருக்கிறது. விளங்குவதுதான் இல்லை. வகுப்பில் வேறு யாரும் குழம்பாததால், பிழை என்னுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாம் தடவையாக எழுதுகிறேன்.

நான் சிட்னியில், வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை வண்டியில் அடுக்கி, வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போனவள். ஜூன் மாதம் அங்கே கொள்முதல் பிரிவில் உதவியாளர் இடம் ஒன்று காலியானது. கையுறை, கரண்டி, துடைப்பம் எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்து வாங்குகிற வேலை. அந்த வேலைக்கு உட்கார ஒரு கதிரை உண்டு. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் நின்றுகொண்டே இருந்தேன். எனக்கு அந்தக் கதிரை வேண்டியிருந்தது. அதற்கு 'இணைய வணிகம், நான்காம் நிலை' என்ற சான்றிதழை ஜூலை கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் ஓக்கர்டன் திறன் கல்லூரியின் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

கல்லூரி பரமட்டாவில் ஒரு மெத்தைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. வகுப்பறையில் ஒரு ஹீட்டர் உண்டு. 'தர முகாமையாளரின் அனுமதியின்றித் தொடாதீர்' என்று அதன்மேல் ஒட்டியிருக்கும். ஜூலைக் குளிரில் நாங்கள் எல்லோரும் ஜாக்கெட்டும் தொப்பியும் அணிந்து, ஹீட்டரைப் பார்த்தபடி படிப்போம்.

எங்கள் ஆசிரியர் மகேந்திரராஜா சேர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர். பாடப்புத்தகத்தில் ஒரு வரியை வாசித்தால், அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை பார்ப்பார். இறுதித் தேர்வு எப்படி நடக்கும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை விளக்கினார்.

"இவர்தான் பிரயன்," என்று ஒரு படத்தைக் காட்டினார். "வயது ஐம்பத்தெட்டு. இங்கிலாந்து ஆள். தாய்லாந்தில, பட்டாயாவில சீவிக்கிறார். சீஸ், பெரிய அளவுச் சப்பாத்து, டின்னில அடைச்ச அவரைக்கொட்டை, இந்த மூண்டும் இல்லாமல் சரியாக் கஷ்டப்படுறார். இதுகளை நீங்கள் அவருக்கு ஒன்லைனில வித்துக் காட்டோணும். அவர் திருப்திப்பட்டா நீங்கள் பாஸ்."

என் பக்கத்துக் கதிரையில் இருக்கும் அருந்தவன் கையை உயர்த்தினான். இரவில் காவல் வேலை பார்த்துவிட்டு மாலையில் படிக்க வருகிறவன். "சேர், நாங்கள் சிட்னியில இருக்கிறம். இவர் ஏன் தாய்லாந்தில இருக்கிறார்?"

"பாங்கொக்கில ஒரு கொலிஜுக்கு எழுதின புத்தகத்தை நாங்கள் வாங்கினனாங்கள் தம்பி. அதில ஒரு சொல்லை மாத்தினாலும் அங்கீகாரம் முதலிலயிருந்து எடுக்கோணும்."

"அப்ப பிரயன் சிட்னியில இருக்கிறார் எண்டு மாத்தேலாதோ?"

மகேந்திரராஜா சேர் புத்தகத்தின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "சிட்னியை வேணுமெண்டா மாத்தலாம். புத்தகத்தை மாத்தேலாது."

அன்று வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அது நல்ல யோசனை என்று நினைத்ததுதான் என் முதல் தவறு என்று இப்போது தோன்றுகிறது. உம்மாவின் தம்பி நிஸ்தார் மாமா, தாய்லாந்தில் சந்தபுரி என்ற ஊரில் இருபது வருடத்துக்கு மேலாக இரத்தினக்கல் வியாபாரம் செய்கிறார். சொந்த ஊர் பேருவளை. அதாவது தாய்லாந்தில் வாழும் ஒரு வெளிநாட்டவர். உண்மையானவர். வாட்ஸ்அப்பில் உடனே பதில் சொல்பவர். அவரை அழைத்து, இணையத்தில் என்ன கிடைத்தால் வாங்குவீர்கள் என்று கேட்டேன்.

"தேயில மகள்," என்றார் மாமா, கேள்வி முடியுமுன். "இங்க தேத்தண்ணிய ஆரஞ்சு நிறத்துல ஊத்துறாங்க. பாக்க நல்லாத்தான் ஈக்கி. குடிச்சா கலியாண ஊட்டுச் சர்பத்து. பொறகு மாசிக் கருவாடு. உடுக்க நம்மட சாரம். கிறீம் கிறேக்கர் பிஸ்கட்டும் எழுதிக்கோ, இங்கத்த பிஸ்கட் எல்லாம் இனிப்பு."

அதற்குள் கல் சந்தையில் அவருடைய கூட்டாளிமார் ஒவ்வொருவராகப் போனைப் பிடுங்கித் தங்கள் தேவையைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் நிறம் நிறமாகப் பிரித்து, ஓர் அறிக்கையாக்கி, கல்லூரியில் கொடுத்தேன். மறுநாளே தர முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

அவர் பெயர் வரதராஜன். சென்னைக்காரர். கதவில் 'தரம், இணக்கம் மற்றும் நேர்மை' என்று எழுதியிருந்தது. என் அறிக்கையை இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"ரொம்ப உழைச்சிருக்கீங்கம்மா, தெரியுது. ஆனா இது நிஜமான தகவல். நிஜமான தகவலை நாங்க எப்படிச் சரிபார்க்கறது? பிரயன்னா பிரச்சினை இல்ல. அவரைப் பத்தின டாக்குமென்ட் என்கிட்ட இருக்கு. உங்க மாமாவுக்கு அப்படி ஏதாவது இருக்கா?"

"பாஸ்போர்ட் இருக்கு சேர்."

"பாஸ்போர்ட்டை அரசாங்கம் குடுக்கறது. டாக்குமென்ட் நாங்க குடுக்கறது. ரெண்டும் ஒண்ணு இல்ல." அறிக்கையை மூடினார். "அதுவும் போக, உங்க மாமா எக்ஸ்பாட் கிடையாதும்மா. பிழைக்கப் போனவர்."

"அப்ப பிரயன், சேர்?"

"வாழப் போனவர். என்னையே எடுத்துக்கங்க. நான் சிட்னி வந்து பதினாறு வருஷம். ஊர் நெனப்பே கெடையாது. ஊர் சாமான் எங்க கெடைக்கும்னு அலையறதும் இல்ல. மத்தியானம் சாண்ட்விச், ராத்திரி சாலட். அதுக்குப் பேர்தான் புரொஃபஷனலா வாழறது. உங்க மாமா என்னடான்னா மாசி கேக்கறார்."

பிரயனும் ஊர்ச் சீஸைத்தானே கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் கதவில் அவ்வளவு எழுதியிருக்கிறவருக்கு அது தெரியாமலா இருக்கும்? நான்தான் எதையோ தவறாகப் புரிந்துகொண்டேன் என்று முடிவுசெய்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மை மனிதர் உதவாததால், கல்லூரி ஒரு பாவனைப் பிரயனை நியமித்தது. அருந்தவன்தான் பிரயன். விற்பனை 'வாடிக்கையாளரின் சூழலில்' நடக்க வேண்டும் என்று புத்தகம் சொல்வதால், எங்கள் வகுப்பறை பட்டாயாவாக மாற்றப்பட்டது. மேசையில் பிளாஸ்டிக் ஓர்கிட் பூ வைத்தார்கள். ஒரு போனிலிருந்து அலையோசை வந்தது. வரதராஜன் சேர் தம் கையாலேயே ஹீட்டரை இயக்கி, முப்பத்து நாலு டிகிரி வரை ஏற்றினார்.

அன்று வகுப்புக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். முதல் நாளுக்குப் பிறகு நாங்கள் பார்த்தேயிராத சிலர்கூட வந்து, ஜாக்கெட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். தாய்லாந்து எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

ஒத்திகையில் அருந்தவன் தலையைக் குனிந்து, "எனக்குச் சீஸ் இல்லாமல் ஏலாது," என்றான்.

"சோகம் பத்தாது," என்றார் வரதராஜன் சேர். "சீஸ் இல்லாம ஒரு மனுஷன் எப்படி உக்காந்திருப்பான்? யோசிச்சுப் பாருங்க."

"அண்ணை, நான் சீஸ் சாப்பிடுறேல்ல."

"நீங்க சாப்பிட வேண்டாம். ஏங்கணும். கொஞ்சம் முன்னாடி குனிங்க, பிரயனுக்கு முதுகுவலி. பக்கம் பதினேழு."

அருந்தவன் குனிந்தான். முந்தின இரவு முழுக்கக் காவல் நின்றவன், அந்தச் சூட்டில் குனிந்தபடியே தூங்கிப்போனான். வரதராஜன் சேர் அவனை எழுப்பவில்லை. இப்போதுதான் ஏக்கம் சரியாக வந்திருக்கிறது என்று மெல்லிய குரலில் எங்களுக்குச் சுட்டிக்காட்டினார்.

தேர்வு அந்த வாரமே. முதலில் என் முறை. தேர்வு நாளன்று மாலை அருந்தவனிடமிருந்து அழைப்பு வந்தது.

"நஷ்வா, கோபிக்காதையும். ஹோம்புஷ் பக்கம் இசை நிகழ்ச்சி ஒண்டு, சனம் கூடிட்டுதாம். பிரயனுக்கு டியூட்டி போட்டிட்டாங்கள்."

பிரயன் இல்லாவிட்டால் தேர்வு இல்லை. தேர்வு இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. அடுத்த தேர்வு அடுத்த தவணையில், அதற்குள் கதிரையில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நான் குசினியில் போனைப் பிடித்தபடி நின்றேன். அப்போது மாமா வரவேற்பறையில் கம்பளி போர்த்திக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் சாச்சி மகள் ஹிபாவின் கலியாணத்துக்காக முந்தின நாள்தான் சிட்னிக்கு வந்திருந்தார்.

உம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தாய்லாந்து ஆள்தானே வேணும்? இந்தா இருக்கே. கொண்டு போ."

மாமா வகுப்பறைக்குள் நுழைந்து, கம்பளியைக் கழற்றி, ஓர்கிட் பூவைத் தொட்டுப் பார்த்தார். மகேந்திரராஜா சேர் எழுந்து நின்று அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டார். நான் நிலைமையை வரதராஜன் சேரிடம் விளக்கினேன்.

"உக்காரட்டும்," என்றார் அவர். "ஆனா ஐயா, ஒரு விஷயம். நீங்க தாய்லாந்துல இருக்கற மாதிரி நடந்துக்கணும்."

"நான் தாய்லாந்துலதான் ஈக்கேன்."

"அதுதான் பிரச்சினை. உங்க அனுபவத்தை இங்க கொண்டுவரக் கூடாது. சரி, சூழல் எப்படி இருக்கு?"

"இவ்வளவு சூடு இல்ல. ஊட்டுல ஏசி ஈக்கி."

வரதராஜன் சேர் எதையோ எழுதினார். "ஷூ என்ன சைஸ்?"

"ஏழு."

"பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

"பன்னெண்டுல நான் படுக்கலாம் மகன்."

"சீஸ்?"

"வேணாம். வயித்துக்குச் சரிவராது. அதோட, அங்க பெரிய கடையெல்லாத்துலயும் சீஸ் ஈக்கி. தேயிலதான் இல்ல."

வரதராஜன் சேர் பேனாவை மூடினார். "மன்னிக்கணும் ஐயா. தாய்லாந்தில் வாழும் வெளிநாட்டவராக நீங்க இன்னும் தகுதி பெறலை."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இருவது வருஷத்துக்கு மேல அங்க ஈக்கேனே?"

"வருஷங்கறது அனுபவம். தகுதி வேற. வருத்தப்படாதீங்க, அடுத்த டேர்ம் திரும்ப முயற்சி பண்ணலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாடிக்கையாளர் தகுதி பெறாததால, உங்களுக்கும்..."

என் கால்கள் வலித்தன. அந்த நேரத்தில் காலைப் பற்றி நினைத்தது அற்பமாக இருந்தது. ஆனால் காலைத்தான் நினைத்தேன்.

அப்போது மகேந்திரராஜா சேர் புத்தகத்தோடு எழுந்தார். மூக்குக்கண்ணாடியில் பட்டாயாவின் ஆவி படிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு ஒரு வரியை வாசித்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி வாசித்தார். "வாடிக்கையாளர் தகுதி பெறாதவிடத்து, தகுதி பெற்ற ஊழியர் ஒருவர் அவரது இடத்தில் அமரலாம் எண்டு கிடக்கு."

"தகுதி பெற்ற ஊழியர்னா யாரு?"

மகேந்திரராஜா சேர் அவரையே பார்த்தார். வகுப்பு முழுவதும் பார்த்தது. வரதராஜன் சேர் டையைத் தளர்த்தினார். "அதுவும் சரிதான். பிரயனை என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்து, பக்கம் பதினேழின்படி குனிந்தார்.

அவர் உண்மையிலேயே நன்றாகச் செய்தார். சீஸ் கேட்டபோது குரல் கம்மியது. சப்பாத்துக்கு ஓர் ஆட்சேபம் சொன்னார். அவரையை இரண்டு டின் கூடுதலாகக் கேட்டார். முதல் மூன்று பகுதியும் சரி. நான்காவது, 'வாடிக்கையாளரின் வெளிப்படுத்தாத தேவையைக் கண்டறிக.' அதற்குப் புத்தகத்தில் விடை இல்லை. 'விடைகள் மாறுபடும்' என்று மட்டும் போட்டிருந்தது.

"பிரயன், வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாம்."

"இரவுச் சாப்பாட்டுக்கு?"

"சாலட்."

நான் அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தேன். பின்வரிசையில் மாமா உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார். கல் சந்தையில் வாங்க வந்தவன் வேண்டாம் என்று சொன்னால், தரகர் எழும்பவும் மாட்டாராம், பேசவும் மாட்டாராம். கல்லை மடித்த தாளை மேசையிலேயே விட்டுவிட்டுச் சும்மா இருப்பாராம். மாமா இதை உம்மாவிடம் சொல்லிச் சிரித்தது நினைவுக்கு வந்தது. நான் யாராவது மௌனமாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு அதை நிரப்புகிறவள். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஹீட்டர் உறுமியது. அலையோசை ஓடி முடிந்து, போன் நின்றுபோனது.

"மழை பெய்யுதுன்னு வச்சுக்கங்க," என்றார் வரதராஜன் சேர். "பட்டாயால."

நான் பேசவில்லை.

"சாதம் சூடா இருக்கு. நல்லெண்ணெய் ஊத்தியாச்சு. அப்ப பிரயனுக்குத் தோணும். வத்தக்குழம்பு இருந்தா எப்படி இருக்கும்னு."

மகேந்திரராஜா சேர் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

"வத்தக்குழம்புன்னா சுண்டைக்காய் வத்தல் போட்டு. இங்க விக்கறானே, பட்டாயால, பாக்கெட்ல, அதுல கசப்பே இல்லம்மா. எல்லாக் கடையிலயும் வாங்கிப் பாத்தாச்சு. ஆர்டர் பண்ணியும் பாத்தாச்சு. வறுத்தா உப்புக் கடலை மாதிரி இருக்கு. கசக்கணும். தொண்டையில எறங்கும்போது ஒரு கசப்பு கசக்கணும். பிரயன் பதினாறு வருஷமாத் தேடறார்."

"எழுதிக்கோ மகள்," என்றார் மாமா பின்னாலிருந்து, மெதுவாக.

எழுதிக்கொண்டேன். பிரயன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டையை எடுத்தபோது வரதராஜன் சேர் ஆகியிருந்தார். "நான்காவது பகுதி, தகுதி," என்று டிக் போட்டார். ஐந்தாவதில் பேனா நின்றது. 'பொருள் கைக்குக் கிடைத்ததும் வாடிக்கையாளர் திருப்தி.'

"இதுக்கு இப்ப டிக் போட முடியாது. பொருள் இன்னும் வரலையே."

"சேர், இது பாவனைதானே?"

"சீஸ் பாவனை," என்றார் அவர், என்னைப் பாராமல். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பிரயன் காத்திருப்பார்."

மறுநாள் டியூட்டி முடிந்து வந்த அருந்தவன், குற்ற உணர்ச்சியில் தன் காரில் என்னைக் கடை கடையாக அழைத்துப்போனான். ஒவ்வொரு கடையிலும் ஒரு பாக்கெட் வாங்கி, பச்சையாகவே கடித்துப் பார்த்தோம். ஒன்றும் கசக்கவில்லை. "எனக்கு வாழ்க்கையே கசக்குது, இது மட்டும் கசக்குதில்லையே," என்றான் அருந்தவன். கடைசியில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. கிரவீனில் யாமினி அன்ரி என்பவர், வீட்டுப் பின்வளவில் கோடையில் காயவைத்த சுண்டைக்காய் வத்தல். 'கசக்கவில்லை என்றால் பணம் வாபஸ்.' வியாழக்கிழமை போய் வாங்கினோம். அருந்தவன் ஒன்றைக் கடித்துவிட்டு, காரை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தான். சரியான பொருள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை பொதியை வரதராஜன் சேரின் மேசையில் வைத்தேன். அவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது? நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே."

"பிரயனுக்கு சேர்."

"பிரயன் பட்டாயால இல்ல இருக்கார்? தப்பான முகவரியில டெலிவரி பண்ணா, வாங்கின தகுதியும் போயிடும்."

வகுப்பறைக்குப் போனோம். அவர் ஹீட்டரை இயக்கினார். நான் ஓர்கிட் பூவை மேசையில் வைத்தேன். முப்பத்து நாலு டிகிரி வரும்வரை இருவரும் காத்து நின்றோம். பிறகு அவர் குனிந்து அமர்ந்து, பொதியைப் பிரித்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் நீர் முட்டியது.

"கசக்குது," என்றார், வீட்டில் யாருக்கோ பிள்ளை பிறந்த செய்தியைச் சொல்வது போல.

டிக் போட்டார். திருப்தி என்ற இடத்தில் 'பிரயன்' என்று கையெழுத்தும் போட்டார். சான்றிதழை அன்றிரவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

ஆஸ்பத்திரி நேர்முகத்தில், சிரமமான வாடிக்கையாளர் ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். பட்டாயாவிலுள்ள பிரயனைப் பற்றிச் சொன்னேன். மூன்று பேரும் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவர் அக்கறையோடு கேட்டார். கதிரை கிடைத்துவிட்டது. ஒரு பிடியை இழுத்தால் உயரும், தாழும்.

மாமாவை விமான நிலையத்தில் வழியனுப்பினோம். பெட்டி நிறையத் தேயிலையும் மாசியும் கிறீம் கிறேக்கரும். "நான் ஃபெயில் எண்டு இவங்க தாய்லாந்துக்கு அறிவிப்பாங்களா மகள்?" என்று கேட்டார். "விசா புதுப்பிக்கிற நேரம் பாரு." எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மகேந்திரராஜா சேரிடம் கேட்டேன். புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றார். ஆனால் அடுத்த தவணைக்கு வந்த பிரதியில் பிரயன் நான்காவதாக ஒரு பொருள் கேட்கிறாராம். புது மாணவர்கள் அதை என்னவென்றே தெரியாமல் மனப்பாடம் செய்கிறார்களாம். அங்கீகாரத்துக்குச் சிக்கல் இல்லையா என்றேன். "அது திருத்தமில்லைப் பிள்ளை. விடைகள் மாறுபடும் எண்டு முந்தியே கிடந்ததுதானே."

இன்று மத்தியானம் கதிரையில் உட்கார்ந்து துடைப்பங்களின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'பட்டாயால மழை. மோர் மிளகாய் கெடைக்குமா? பிரயன்.'

கிடைக்கும் என்று பதில் அனுப்பினேன். வேறு ஏதாவது வேண்டுமா என்றும் கேட்டேன். 'வேண்டாம்' என்று உடனே வந்தது. நான் போனை மேசையிலேயே வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறேன்.